பதுவையில் ஒலித்த மூன்றாவது சுரம்

இத்தாலியின் பதுவை நகரம் நமக்கு அந்தோனியாரால்தான் பழக்கம். காது ஆய்வாளர்களுக்கோ அது வேறொரு வகையில் திருத்தலம். ஐரோப்பாவில் ஆண்டுதோறும் கூடும் உள்காது உயிரியல் பயிலரங்கு 2019-ல் அங்கே நடந்தது. பொருத்தமான இடம்தான்.

     

பதுவைப் பல்கலைக்கழகம் 1222-ல் தொடங்கியது. அதன் பழைய கட்டடத்தில் 1595-ல் அமைத்த உடற்கூறு அரங்கு இன்றும் இருக்கிறது. நீள்வட்டமாக மேலேறும் ஆறு மர அடுக்குகள், அடியில் ஒரு மேசைக்கு மட்டும் இடம். மாணவர்கள் நின்றபடியே கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து பிணப் பரிசோதனையைப் பார்த்தார்கள். அரங்கைக் கட்டுவித்த பேராசிரியர் ஃபாப்ரீசியோ, 1600-ல் பார்வை, குரல், செவி பற்றி நூல் வெளியிட்டார். அவரிடம் பணியாளாக இருந்து பாடம் கற்ற காஸ்ஸேரியோவும் கிட்டத்தட்ட அதே சமயத்தில், குரல், செவி உறுப்புகளைப் பற்றிப் படங்கள் நிறைந்த ஒரு பெரிய நூலைக் கொண்டுவந்தார். குருவுக்கும் சீடருக்கும் ஆகவே ஆகாது. அந்தப் பகையில் லாபம் அறிவியலுக்கு. இவர்களுக்கு முன்பே அங்கே கற்பித்த ஃபலோப்பியோ, உள்காதில் சுருண்டு கிடக்கும் காக்ளியாவை 1561-ல் விவரித்திருந்தார்.

ஆனால் இவர்கள் அறுத்துப் பார்த்தது செத்த காது. உயிருள்ள காதின் விசித்திரம் ஒன்றைப் பிடித்தவர் ஒரு வயலின்காரர்.

ஜுசெப்பே தார்த்தீனி 1721-ல் அந்தோனியார் பேராலயத்தின் முதன்மை வயலின் கலைஞரானார். இரண்டு தந்திகளைச் சேர்த்து உரக்க வாசித்தால், வாசிக்காத மூன்றாவது சுரம் ஒன்று அடியில் முனகுவதை அவர் கவனித்திருந்தார். அது தெளிவாகக் கேட்டால்தான் இரண்டு சுரங்களும் சுருதி சுத்தம் என்பது அவர் மாணவர்களுக்குச் சொன்ன கணக்கு. 1754-ல் பதுவையில் அச்சான நூலிலும் இதை எழுதினார். விநாடிக்கு 500, 600 அதிர்வுள்ள இரு சுரங்கள் சேர்ந்தால் 100 அதிர்வுள்ள சுரம் கேட்கும்.

வயலினே இல்லாமல், தனித்தனி ஒலிபெருக்கிகளில் இரண்டு தூய ஒலிகளைக் கொடுத்தாலும் காது இப்படிப் புது ஒலிகளை உண்டாக்குகிறது. காக்ளியாவுக்குள் சுமார் 12,000 வெளி மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலிக்கேற்ப நீண்டு குறுகி, மெல்லிய ஒலியை அவை தூக்கிவிடுகின்றன. பலத்த ஒலிக்கு அந்த உபசாரம் இல்லை. ஒரே விகிதத்தில் பெருக்காத எந்தக் கருவிக்குள்ளும் இரண்டு ஒலிகள் ஒன்றாக நுழைந்தால் வேறு சில ஒலிகளும் முளைக்கும், நம்மூர் மைக்செட்டை அளவுக்கு மீறித் திருகினால் கரகரப்பதுபோல. காதுக்குள் ஒரு பெருக்கி இருந்தே ஆகவேண்டும் என்று தாமஸ் கோல்டு 1948-லேயே சொன்னார். துறைக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வானியலுக்குப் போய்ப் பெயர் வாங்கினார். 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப், காதுத் துளையில் மைக்கைப் பொருத்தி, காதிலிருந்து வெளியே வரும் ஒலியைப் பதிவு செய்து காட்டிய பிறகுதான் பேச்சு மாறியது.

இன்று பச்சிளம் குழந்தைகளுக்குச் செய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனையின் அடிப்படை இதுவே. அதில் ஒரு வகை, தார்த்தீனி கேட்ட சுரத்தின் உடன்பிறப்பைத் தேடுவது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையைச் செருகி, 2,000, 2,400 ஹெர்ட்ஸ் ஒலிகளைச் சேர்த்து அனுப்புவார்கள். யாரும் அனுப்பாத 1,600 ஹெர்ட்ஸ் ஒலி (2,000-இன் இருமடங்கில் 2,400 போக மீதி) காதிலிருந்து திரும்பி வந்தால், அந்தப் பகுதியின் வெளி மயிர்ச்செல்கள் நன்றாக வேலை செய்கின்றன. குழந்தை தலையைத் திருப்பவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

இதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. மயிர்ச்செல்கள் சரியாக இருந்து, செவி நரம்பில் பழுது இருந்தால் இந்தச் சோதனை அதைத் தவறவிட்டுவிடும். அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வரும் குழந்தைகளுக்கு, ஓ.ஏ.இ. தேறினாலும், தலையில் மின்முனைகளை ஒட்டி நரம்பின் பதிலை அளக்கும் 'பெரா' பரிசோதனையையும் மருத்துவர்கள் கேட்கிறார்கள்.