கிளம்பியது எந்த வண்டி?

போத்தனூர், பாலக்காடு, திண்டுக்கல் பாதைகள் கூடும் பொள்ளாச்சி சந்திப்பில், சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து ரயில் மெல்ல முன்னே நகர்கிறது. உங்கள் வண்டிதான் பின்னால் போவதாக உடம்பு நம்பிவிடுகிறது.

பார்வை முழுக்க ஒரே பக்கமாக நகர்ந்தால், நகர்வது நாம்தான் என்று மூளை கணக்குப் போடும். உட்காதின் சமநிலை உறுப்பு மறுத்துச் சொல்லலாமே? அதற்கு வேகம் மாறுவதுதான் தெரியும். சீராக ஓடுவதும் சும்மா நிற்பதும் அதற்கு ஒன்றே. கண் சொல்வதே தீர்ப்பாகிறது. ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1875-இல் அசைவுணர்வு பற்றி ஒரு நூலே எழுதினார்.

ஆழியாற்றில் வெள்ளம் ஓடும்போது பாலத்தில் நின்று நீரையே உற்றுப் பாருங்கள். பாலம் எதிர்த்திசையில் மிதக்கும். கைப்பிடியை விட்டுவிடாதீர்கள். ரயிலில் சந்தேகம் வந்தால், மறுபக்கம் திரும்பி நடைமேடைத் தூணைப் பாருங்கள்.