ஓசூர்க் குடும்பத்துக்கு மைல் வேண்டாம், ரூபாய் போதும்

ஓசூரில் வாழும் ஒரு குடும்பம் விமானம் ஏற வேண்டுமானால் முதலில் பக்கத்து மாநிலத் தலைநகரைக் குறுக்கே கடக்க வேண்டும். தேவனஹள்ளியில் இருக்கும் கெம்பேகவுடா விமான நிலையம் ஓசூரிலிருந்து 75, 80 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னும் 50 கிலோமீட்டர் கூடும். அத்திப்பள்ளியில் சுங்கம், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் சுங்கம், பிறகு சில்க் போர்டு நெரிசல், ஹெப்பால் நெரிசல், விமான நிலையச் சாலையில் மறுபடி சுங்கம். நான்கு பேரும் பெட்டிகளும் என்றால் பேருந்து மாறி மாறிப் போவது பலருக்கும் சரிப்படாது, வாடகைக் கார்தான் பிடிப்பார்கள். இந்தச் செலவை டிக்கெட் விலையோடு கூட்டாமல் இப்பகுதிக் குடும்பம் பயணக் கணக்கு எதையும் சரியாகப் போட முடியாது. எந்த விமான நிறுவனத்தின் பாயின்ட் நல்லது, எந்தக் கிரெடிட் கார்டு அதிக மைல் தருகிறது என்று எழுதப்படும் ஒப்பீடுகளில் இந்தச் செலவுக்கு இடமே இல்லை. மைலைக் கொண்டு விமான இருக்கை வாங்கலாம், வாடகைக் காருக்குக் கொடுக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, அதுவும் பள்ளி விடுமுறையில் மட்டும் பறக்கிற சம்பளக் குடும்பத்துக்கு மைல் சேர்க்கும் கார்டு பொருந்தாது. ஆண்டுக் கட்டணம் இல்லாத, பணமாகவே திருப்பித் தருகிற ஒரு சாதாரண கார்டும், அன்றைக்கு நேரமும் விலையும் ஒத்துவருகிற எந்த விமானமும் போதும் என்பதே என் வாதம்.

இத்திட்டங்கள் யாருக்காகப் பிறந்தன என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பாயின்ட் திட்டத்தைத் தொடங்கியபோது குறிவைத்தது அலுவலகச் செலவில் மாதம் பலமுறை பறக்கிற ஆளை. டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பது கம்பெனி, பாயின்ட் விழுவது பறந்தவர் பெயரில். விலை சற்றுக் கூடினாலும் அந்த ஆள் அதே விமானத்தைத் தேர்ந்தெடுப்பார் என்பதுதான் அதன் அடிப்படை. குடும்பத்தின் நிலை இதற்கு நேர் எதிர். காசு கொடுப்பவர் ஒருவர், பறப்பவர் நால்வர். பாயின்ட் ஆளுக்கொரு கணக்கில் சிதறிக் கிடக்கும், எந்தக் கணக்கிலும் ஒரு டிக்கெட்டுக்குத் தேவையான அளவு சேராது. எமிரேட்ஸ் போன்ற சில நிறுவனங்கள் எட்டுப் பேர் வரை ஒரே குடும்பக் கணக்கில் சேர்க்க வழி வைத்திருக்கின்றன. வேலைக்காக வளைகுடா போய்வரும் உறவினர் வீட்டில் இருந்தால் அது பயன்படும். ஆனால் எமிரேட்ஸிலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. ஆண்டுக்கு ஒரு பயணம் போகிற குடும்பம் ஒரு இருக்கைக்கு வேண்டியதைச் சேர்த்து முடிப்பதற்குள் முதலில் சேர்த்தது காலாவதியாகியிருக்கும்.

உள்நாட்டில் நிலைமை இன்னும் மெலிவு. ஏர் இந்தியா 2024-இல் தன் திட்டத்தைத் திருத்தி, பறந்த தூரத்துக்குப் பதிலாகச் செலவழித்த ரூபாயைப் பாயின்டுக்கு அளவாக்கியது. உலகின் பெரிய நிறுவனங்கள் பலவும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. இதன் விளைவைக் கவனிக்க வேண்டும்: மூன்று மாதம் முன்பே தேடிப் பிடித்து மலிவு டிக்கெட் எடுக்கிற குடும்பத்துக்குக் குறைந்த பாயின்ட், கடைசி நேரத்தில் கம்பெனிக் காசில் ஏறுகிறவருக்கு அதிகப் பாயின்ட். குடும்பம் எவ்வளவு சாமர்த்தியமாகச் செலவழிக்கிறதோ அவ்வளவு குறைவாகவே இத்திட்டம் அதற்குத் தரும். பாயின்டைச் செலவழிக்கும் இடத்திலும் இதே கதைதான். ரொக்க விலை ஏற ஏறப் பாயின்ட் விலையும் ஏறுகிற முறைக்குப் பல நிறுவனங்கள் மாறிவிட்டதால், மே மாதத்திலும் அரையாண்டு விடுமுறையிலும் பொங்கலுக்கும் நான்கு இருக்கை சேர்த்துக் கேட்டால் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பாயின்ட் விலை எட்டாது. வரிகளும் விமான நிலையக் கட்டணமும் அப்போதும் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும்.

நம் நாட்டுப் பயணிகள் இதை எப்போதோ உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இண்டிகோவின் வளர்ச்சியே சான்று. 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய அந்நிறுவனம், அடிக்கடி பறப்பவருக்கான பாயின்ட் திட்டத்தை அறிவித்தது 2024 ஆகஸ்டில். இடையில் வங்கிகளோடு சேர்ந்து கார்டு வெளியிட்டதே தவிர, பறந்ததற்கென்று பாயின்ட் தரவில்லை. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில்தான் அது நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமானது. மக்கள் பார்த்தது விலை, நேரம், தங்கள் ஊருக்கு நேரடி விமானம் உண்டா என்பது. இப்படிப்பட்ட சந்தையில் ஒரே நிறுவனத்துக்குத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும் குடும்பம் கையிலிருக்கும் பேரம் பேசும் பலத்தைத் தானே விட்டுக்கொடுக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2023 அக்டோபரில் சேலம் காமலாபுரத்திலிருந்து மறுபடி விமானங்கள் பறக்கத் தொடங்கின. ஐதராபாத் போக வேண்டிய கிருஷ்ணகிரிக் குடும்பம் ஒருமுறை சேலத்தையும் ஒருமுறை பெங்களூருவையும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை ஏன் இழக்க வேண்டும்?

இனி கார்டு. மைல் உண்மையில் பெருமளவில் பிறப்பது வானத்தில் அல்ல, வங்கியில். விமான நிறுவனம் வங்கிக்கு மைலை விற்கிறது, வங்கி அதைக் கார்டு வைத்திருப்பவருக்குத் தருகிறது. 2020-இல் கொரோனா காலத்தில் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தையே அடமானமாக வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. விமானங்கள் தரையில் நின்றபோதும் அந்தத் திட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அந்த மதிப்புக்குப் பணம் மூன்று வழிகளில் வருகிறது: கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் கட்டும் கழிவு, ஆண்டுக் கட்டணம், பில்லை முழுதாகக் கட்டாதவர்கள் தரும் வட்டி. மூன்றாவதை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் கார்டு வைத்திருப்பவர்கள் மேலாளர்கள் மட்டும் அல்ல. ஆலையில் சேர்ந்த ஓரிரு ஆண்டில் சம்பளக் கணக்கைக் காட்டி இளம் தொழிலாளர்களுக்கும் கார்டு கிடைத்துவிடுகிறது. மினிமம் டியூ மட்டும் கட்டி மாதங்களை ஓட்டுகிற அவர்களின் வட்டியிலிருந்தும் சேர்ந்துதான் இன்னொருவரின் இலவச இருக்கை உருவாகிறது.

எண்ணில் பார்ப்போம். ஒரு குடும்பம் ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாயைக் கார்டு வழியே செலவழிக்கிறது, நூற்றுக்கு ஒரு ரூபாய் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 4,000 ரூபாய். ஒரே ஒரு மாதம் 50,000 ரூபாய் பாக்கி நின்றால், மாதம் மூன்றரை சதவீத வட்டியில் 1,750 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315 ரூபாய், ஆக 2,065 ரூபாய் போய்விடும். இரண்டு மாதம் நின்றால் ஆண்டு முழுதும் சேர்த்தது காலி. பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வட்டிக்கு மேல்வரம்பும் இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

அந்த 4 லட்சம் என்பதே பல வீடுகளுக்குத் தாராளக் கணக்கு. ஓசூர்க் குடும்பத்தின் பெரிய செலவுகள் வீட்டுக் கடன் தவணை அல்லது வாடகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், காப்பீடு, நகை. வீட்டுக் கடன் தவணையைக் கார்டில் கட்ட முடியாது. வாடகைக்கும் பெட்ரோலுக்கும் பல கார்டுகளில் பாயின்ட் கிடையாது. பள்ளிக் கட்டணத்தை வெளிச் செயலி வழியே கட்டினால் பல வங்கிகள் ஒரு சதவீதம் தனிக் கட்டணம் போடுகின்றன. மீதமிருப்பது மளிகை, துணிமணி, மருந்து. அதிலும் பெரும்பகுதி இன்று யுபிஐ வழியே வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகிறது. இப்படிச் சுருங்கிய செலவை வைத்துக்கொண்டு 5,000 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் அதற்கு 900 ரூபாய் ஜிஎஸ்டியும் கட்டும் மைல் கார்டு வாங்கினால், போட்ட கட்டணத்தை எடுப்பதற்காகவே தேவையில்லாததை வாங்கத் தோன்றும். ஏற்கெனவே அப்படி ஒரு கார்டை வாங்கிவிட்டவர்கள் பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லிக் கேட்கலாம். கோரிக்கை வந்த ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி.

மைலை முழுதும் ஒதுக்குவது நியாயமா என்று கேட்பவர்களின் மூன்று வாதங்களுக்கு நான் மதிப்பளிக்கிறேன். முதலாவது, இந்தப் பகுதியின் ஆலைப் பொறியாளர்களும் கொள்முதல், விற்பனைப் பிரிவினரும் புனேவுக்கும் டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் கம்பெனிச் செலவில் போய்வருகிறவர்கள். அவர்கள் பாயின்டை விடக் கூடாது, உறுப்பினராவதற்குக் காசும் இல்லை. டிக்கெட் எடுக்கும் நேரத்தில் எண்ணைச் சேர்க்க மறக்காமல் இருந்தால் போதும், சேர்ந்ததை வீட்டாருக்குச் செலவழிக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் திட்டத்தில் ஐந்து பேரை அதற்காகப் பதிவு செய்துகொள்ள முடியும். ஆனால் அதற்குக் கட்டணம் கட்டும் கார்டு தேவையில்லை. இரண்டாவது, கார்டு தரும் விமான நிலைய லவுஞ்ச் சலுகை. விடியற்காலை விமானத்துக்கு ஓசூரிலிருந்து நள்ளிரவில் கிளம்பி வருகிற குடும்பத்துக்கு உட்கார ஓர் இடமும் சூடான சாப்பாடும் எவ்வளவு ஆறுதல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான கார்டுகளில் அந்தச் சலுகை கார்டுக்காரருக்கு மட்டும். முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவழித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பரவலாகிவிட்டது. அம்மாவும் பிள்ளைகளும் வெளியே நிற்க அப்பா மட்டும் உள்ளே போகும் சலுகைக்காகக் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. நீண்ட தூர வெளிநாட்டுப் பயணத்தில், உயர் வகுப்பில், ஒரு மைலின் மதிப்பு இரண்டு ரூபாய்கூட ஆகலாம், ரொக்கத் திருப்பம் அந்த அளவு தராது. உண்மைதான். ஆனால் அந்த மதிப்பைப் பெற நாளை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும், பல மாதம் முன்பே முடிவெடுக்க வேண்டும், ஒன்றிரண்டு இருக்கை போதும் என்றிருக்க வேண்டும். ஆலை விடுமுறையும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வரும் பத்து நாளில் நான்கு இருக்கை தேடுகிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் வாய்ப்பதில்லை. அதோடு, மைல் என்பது எடையைக் கடைக்காரரே நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்த நகைச் சீட்டு. கடையே மூடிவிடும் ஆபத்தும் உண்டு. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. ஜெட்டின் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் பெயர் மாறி வேறு வழியில் தொடர்ந்தது. விஸ்தாராவின் பாயின்ட்கள் 2024 நவம்பர் இணைப்பில் ஏர் இந்தியா கணக்குக்கு வந்தன. எல்லா மைலும் அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரூபாயாகத் திரும்பிய பணத்துக்கு இந்த ஆபத்து எதுவும் கிடையாது என்பதும் உண்மை.

பாயின்டைத் துரத்துவதில் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு சலுகையும் இருக்கிறது. பழைய வருமான வரி முறையில் தொடர்கிறவர்களுக்கு, நான்கு காலண்டர் ஆண்டுக்கு இரண்டு உள்நாட்டுப் பயணங்களின் பயணச் செலவுக்கு, கம்பெனி தரும் விடுமுறைப் பயணப் படியில் வரிவிலக்கு உண்டு. மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் எல்லோருக்கும் சேர்த்து. உண்மையில் செலவழித்த தொகைக்குத்தான் விலக்கு என்பதால் பாயின்டில் எடுத்த டிக்கெட்டுக்கு அது கிடைக்காது. 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு 40,000 ரூபாய் டிக்கெட்டில் இதனால் மிஞ்சுவது 8,000 ரூபாய். மேலே சொன்ன கார்டு இரண்டு ஆண்டு உழைத்துத் தரும் தொகை அது. புதிய வரி முறையில் இச்சலுகை இல்லை. எந்த முறை தனக்கு லாபம் என்று கணக்கிடும்போது இதையும் சேர்க்க வேண்டும்.

ரயிலையும் விட்டுவிடக் கூடாது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரில் இன்று ரயில் நிலையமே இல்லை, திருப்பத்தூரிலிருந்து வந்த பழைய பாதை பிரிட்டிஷ் காலத்திலேயே போய்விட்டது. ஆனால் சேலம் – பெங்களூரு பாதையில் ஓசூர் இருக்கிறது. தெற்கே சொந்த ஊருக்கு ஆண்டுக்கு நான்கைந்து முறை ரயிலில் போகிற வீட்டுக்கு, ஐஆர்சிடிசி பெயரில் வங்கிகள் தரும் கார்டு எந்த விமானக் கார்டையும் விடப் பயன்படும். ஏசி வகுப்பில் அடிக்கடி போகிறவர்களுக்கு அதில் திரும்புவது கணிசம், அதைச் செலவழிக்கவும் சிரமம் இல்லை.

ஓசூருக்கே விமான நிலையம் வரப்போகிறதே, இப்போதே மைல் சேர்த்தால் அப்போது உதவாதா என்றும் கேட்கலாம். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேரைக் கையாளும் விமான நிலையம் ஓசூரில் அமையும் என்று அறிவித்தார். அது வர வேண்டும் என்று இந்த மண்ணின் மீது அக்கறை கொண்ட யாரும் விரும்புவார்கள். ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம், 150 கிலோமீட்டர் சுற்றளவில் போட்டி விமான நிலையம் வருவதை, அது திறந்த 2008 மே மாதத்திலிருந்து 25 ஆண்டுகளுக்குத் தடுக்கிறது, அந்தத் தடை முடிவது 2033-இல். ஓசூரிலிருந்து எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கும் என்பதை இன்று யாரும் சொல்ல முடியாது. மூன்று ஆண்டு ஆயுளுள்ள மைல் அந்த நாள் வரை தாக்குப்பிடிக்காது. வங்கிக் கணக்கில் திரும்பிவிட்ட 4,000 ரூபாயை இந்த மே மாதமே தேவனஹள்ளிக்குப் போகும் வாடகைக் காருக்குக் கொடுக்கலாம்.