புகையைக் குளிப்பாட்டிய கட்டடம்

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், பேட்டர்சி என்ற பகுதியில், கவிழ்த்துப் போட்ட மேசையைப் போல ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. நான்கு மூலைகளில் நான்கு வெண்ணிறப் புகைபோக்கிகள். ஒவ்வொன்றின் உச்சியும் தரையிலிருந்து 100 மீட்டருக்கு மேல். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் 1977ஆம் ஆண்டு இசைத்தட்டு உறையில், இந்தப் புகைபோக்கிகளுக்கு நடுவே ஒரு பன்றி மிதப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். ஆனால் படத்தை உற்றுப் பாருங்கள். புகைபோக்கிகள் தரையிலிருந்து எழவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பருத்த செங்கல் கோபுரத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோபுரங்கள் அழகுக்காகக் கட்டியவை அல்ல. புகையைக் குளிப்பாட்டக் கட்டியவை.

மின் நிலையம் வருவதற்கு முன்பு இங்கே ஒரு தண்ணீர் கம்பெனியின் நீர்த்தேக்கங்கள் இருந்தன. லண்டனுக்கு அப்போது மின்சாரம் கொடுத்தவை ஏராளமான சிறு கம்பெனிகள். ஒரு தெருவின் மின் அழுத்தம் அடுத்த தெருவுக்குப் பொருந்தாது. 1925இல் அவற்றுள் சில சேர்ந்து 'லண்டன் பவர் கம்பெனி'யை உண்டாக்கின. சின்னச் சின்ன நிலையங்களுக்குப் பதிலாகச் சில ராட்சத நிலையங்கள் போதும் என்பது அதன் திட்டம். பேட்டர்சியில் 1929இல் வேலை தொடங்கி, 1933இல் மின்சாரம் பிறந்தது.

ஏன் ஆற்றங்கரை? முதல் காரணம் நிலக்கரி. தெற்கு வேல்ஸிலிருந்தும் வடகிழக்கு இங்கிலாந்திலிருந்தும் கடல்வழியாக வந்த கப்பல்கள், அப்படியே ஆற்றுக்குள் நுழைந்து நிலையத்தின் துறைக்கே வந்துவிடும். வழியில் லண்டனின் பாலங்கள் பல குறுக்கே நிற்கின்றன. அதற்காகவே பாய்மரமும் புகைக்குழாயும் மடங்கும்படி, தட்டையாகக் கப்பல்கள் கட்டினார்கள். மாலுமிகள் அவற்றுக்கு வைத்த பெயர் 'இஸ்திரிப் பெட்டி'. உச்ச காலத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி இங்கே எரிந்தது.

இரண்டாவது காரணம் தண்ணீர். அனல் மின் நிலையத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்டால், ஆவியாக்கத்தான் என்போம். அதற்கு வேண்டியது கொஞ்சம்தான். அதே நீர் திரும்பத் திரும்பச் சுற்றி வரும். ஆற்று நீரில் பெரும்பங்கு போவது ஆவியை மறுபடி நீராக்குவதற்கு. டர்பைனைச் சுழற்றி முடித்த ஆவி, குளிர்ந்த குழாய்களின்மேல் பட்டுச் சட்டென்று நீராகிறது. அப்போது அது அடைத்துக்கொண்டிருந்த இடம் ஏறக்குறைய வெற்றிடமாகிவிடும். அந்த வெற்றிடம் பின்னால் வரும் ஆவியை இன்னும் வேகமாக இழுக்கும். முன்னாலிருந்து கொதிகலன் தள்ளுகிறது, பின்னாலிருந்து ஆற்றின் குளிர்ச்சி இழுக்கிறது. டர்பைனைச் சுற்றுவது இந்த இரண்டும் சேர்ந்துதான். பேட்டர்சிக்கு இதற்காக நாளொன்றுக்குச் சுமார் 150 கோடி லிட்டர் ஆற்று நீர் தேவைப்பட்டது.

இனிப் புகைக்கு வருவோம். நிலக்கரியில் கந்தகம் உண்டு. எரியும்போது அது கந்தக டை ஆக்ஸைடாகிறது. ஈரம் பட்டால் அமிலம். சற்றுத் தொலைவில்தான் நாடாளுமன்றம், அரண்மனை, டேட் ஓவியக்கூடம். கல்லும் ஓவியமும் பூங்காக்களும் அரிக்கப்படும் என்று எதிர்ப்பு கிளம்பியது. புகையைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது. தோற்றத்தைப் பற்றிய முணுமுணுப்பை அடக்க, கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞரை அழைத்தார்கள். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்தவர் அவர்தான்.

புகையை எப்படிக் கழுவுவது? கோபுரத்துக்குள் மேலேறும் புகையின்மீது ஆற்று நீரைப் பொழிந்தார்கள். தேம்ஸ் நீரில் இயல்பாகவே சுண்ணாம்புத்தன்மை உண்டு. போதாததற்குச் சுண்ணாம்பும் கலந்தார்கள். அமில வாயு அதோடு சேர்ந்து உப்பாக மாறி, நீரோடு கீழே இறங்கியது. கந்தகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்படிப் பிடிபட்டது. மின் நிலையத்தில் இவ்வளவு பெரிய அளவில் புகையைக் கழுவியது உலகில் இதுவே முதல்முறை. மக்களின் அச்சத்தைப் பொறியாளர்கள் செவிமடுத்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் விலை இல்லாமலில்லை. கழுவிய நீர் மறுபடி ஆற்றுக்கே போனது. காற்றில் குறைந்த கந்தகத்தைத் தேம்ஸ் சுமந்தது. குளித்த புகை குளிர்ந்துவிடுவதால், உயரப் போக வலுவின்றி அக்கம்பக்கத்திலேயே தாழ்ந்து இறங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது கழுவலையே நிறுத்தினார்கள். ஈரப் புகையின் வெள்ளைத் தடம் எதிரி விமானங்களுக்கு அடையாளம் காட்டிவிடும் என்ற பயம்தான் காரணம்.

புகையைக் காட்டிலும் எனக்குப் பிடித்தது வெந்நீரின் கதை. அந்தக் காலத்து நிலையங்களில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மின்சாரமாகவில்லை. மிச்சம் ஆற்றோடும் காற்றோடும் போயிற்று. போருக்குப் பின் எதிர்க்கரையில் பிம்லிகோவில் புதுக் குடியிருப்பு எழுந்தபோது, அந்த வீணாகும் வெப்பத்தில் கொஞ்சத்தைத் தேம்ஸுக்கு அடியில் குழாய் வழியாக அக்கரைக்கு அனுப்பினார்கள். வந்த வெந்நீரைச் சேமிக்க 1950 வாக்கில் கண்ணாடி போர்த்திய ஒரு கோபுரம் எழுந்தது. லண்டன் குளிரில் தன் வீட்டில் தனியே கரி எரிக்காமல் ஒரு குடும்பம் கதகதப்பாக இருந்தது என்றால், அத்தனை புகை மிச்சம்.

கட்டடத்தின் கிழக்குப் பாதியைப் போர் தாமதப்படுத்தியது. நான்காவது புகைபோக்கி எழுந்தது 1955இல்தான். மேற்குப் பாதி 1975இலேயே மூடப்பட்டது. ஆக, நாம் அறிந்த நான்கு தூண் உருவம் முழுதாக உழைத்தது 20 ஆண்டுகள்தான். இடையே 1964 ஏப்ரல் 20 அன்று இங்கு மூண்ட தீயால் லண்டனில் மின்சாரம் போய், அன்றிரவு தொடங்கவிருந்த பிபிசியின் இரண்டாவது தொலைக்காட்சி அலைவரிசை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. 1983 அக்டோபரில் கிழக்குப் பாதியும் அணைந்தது.

அதற்குள் 1980இலேயே பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டதால் இடிக்க முடியவில்லை. கேளிக்கைப் பூங்காவாக்கும் முயற்சி 1989இல் பாதியில் நின்றது. கூரை திறந்தபடி மழையில் நனைந்து கிடந்தது. கடைசியில் 2012இல் மலேசிய நிறுவனங்கள் சேர்ந்து வாங்கின. கம்பிகள் துருப்பிடித்த புகைபோக்கிகள் இறக்கப்பட்டு, அதே உருவில் புதிதாக எழுந்தன. 2022 அக்டோபர் முதல் உள்ளே கடைகள், அலுவலகங்கள், வீடுகள். ஒரு புகைபோக்கிக்குள் கண்ணாடி லிஃப்ட் ஓடுகிறது. புகை வெளியேறிய வாய்வழியே மனிதர்கள் தலைநீட்டி ஊரைப் பார்க்கிறார்கள்.

அங்கிருந்து நேர் எதிரே தெரிவது பிம்லிகோ. பேட்டர்சியின் வெந்நீர் நின்ற பிறகும், வேறு கொதிகலன்களின் துணையோடு அந்தக் கண்ணாடிக் கோபுரம் இன்றும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சூடு அனுப்பிக்கொண்டிருக்கிறது.