பன்றியின் குடலும் பாமரர் பிழைப்பும்

பன்றியைப் பற்றியா இந்தப் பக்கத்தில் எழுதுவது என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். கன்னியாகுமரி ஜில்லாவில் கருங்கல் முதலிய மேற்குப் பகுதி ஊர்களுக்குச் சென்று பார்த்தால் அந்தச் சுளிப்பு மறைந்துவிடும். துண்டு நிலமும் நான்கைந்து பன்றிகளுமே சில ஏழைக் குடும்பங்களுக்கு ஆதாரம். ஓர் ஈற்றுக் குட்டிகள் பேதியில் மாண்டால், அந்த வருஷத்துப் பள்ளிச் சம்பளமும் வட்டிப் பணமும் அதோடு போயிற்று.

இந்தப் பேதிக்குக் கிருமிதான் காரணம் என்று சொல்லி நிறுத்திவிடுவது பாதி உண்மையே. பன்றியின் குடலில் கோடானுகோடி கிருமிகள் குடியிருக்கின்றன; அவற்றில் பல நண்பர்கள். பாலைத் தயிராக்கும் வர்க்கத்தைச் சேர்ந்தவை அமிலத்தை உண்டாக்கி, தீய கிருமிகளைத் தலையெடுக்க வொட்டாமல் தடுக்கின்றன. இந்த ஏற்பாட்டைக் குலைப்பது பெரும்பாலும் அச்சமும் அலைக்கழிப்புமே.

இயற்கையில் குட்டி மூன்று நான்கு மாதங்களில் சிறுகச் சிறுகப் பால் மறக்கிறது. பண்ணையிலோ சில வாரங்களிலேயே ஒரு நாளில் தாயைப் பிரிகிறது. அன்றே கொட்டில் மாறுகிறது; தீனி மாறுகிறது; முன்பின் அறியாத குட்டிகளோடு சண்டை மூளுகிறது. கலக்கத்தில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு இரத்தத்தில் ஏறுகிறது. குட்டி தின்ன மறுக்கிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் விரல்கள் குறுகிக் குடற்சுவரின் கட்டுத் தளர்கிறது. அந்தச் சமயத்தில்தான் ஈ.கோலை தலைதூக்குகிறது. பன்றிக்கு வியர்வை மிகக் குறைவாதலால், கடலோரப் புழுக்கமும் இதே தீங்கைச் செய்கிறது.

இதற்கு விவசாயி காணும் சுலபமான பரிகாரம் ஆன்டிபயாட்டிக் மருந்து. அது நல்ல கிருமியையும் கெட்ட கிருமியையும் ஒருங்கே அழிக்கிறது. எஞ்சியவை மருந்துக்கு அடங்காதவையாகின்றன. மனிதர்களுக்குக் கடைசி அஸ்திரமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை எதிர்த்து நிற்கும் சக்தியைக் கிருமிக்குக் கிருமி கடத்தும் மரபணுவை, 2015-ல் சீனாவின் பன்றிகளிடம் கண்டதாக ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். இந்திய சர்க்கார் 2019 ஜூலையில் உணவுக்கான பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. தடை சரியே. ஆனால் மருந்தைப் பறித்தால் மட்டும் போதுமா?

டென்மார்க் தேசம் 1998, 1999 ஆண்டுகளில் வளர்ச்சிக்காகப் பன்றித் தீனியில் இம்மருந்துகளைக் கலப்பதை நிறுத்திற்று. முதலில் குட்டிகளுக்குப் பேதி அதிகரித்தது. அந்நாட்டார் பழைய வழிக்குத் திரும்பவில்லை. வளர்ப்பு முறையைத் திருத்தினார்கள். பன்றி உற்பத்தி குன்றவில்லை.

நம் விவசாயியும் செய்யக்கூடிய காரியங்கள்தாம் அவை. பிறந்த குட்டிக்கு முதல் நாளே சீம்பால் வயிறாரக் கிடைக்க வேண்டும். பால் மறக்கச் செய்யும்போது தாயை அகற்றிக் குட்டிகளைப் பழகிய கொட்டிலிலேயே விடலாம். ஓர் ஈற்றுக் குட்டிகளைப் பிற குட்டிகளோடு கலக்காதிருக்கலாம். புதுத் தீனியைப் பால்குடிப் பருவத்திலேயே சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். தரை உலர்ந்திருக்கட்டும், வெயில் வேளையில் நிழலும் நீரும் இருக்கட்டும். ஹோட்டல் எச்சத்தை நன்றாகக் கொதிக்க வைக்காமல் கொடுக்கவே கூடாது. 2020-ல் இந்தியாவில் நுழைந்து, 2022-ல் அண்டையிலுள்ள கேரளத்துக்கும் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எச்சத்தின் வழியாகவும் பரவக்கூடியது; அதற்கு மருந்தே இல்லை.

செங்கற்பட்டு ஜில்லா காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பன்றி ஆராய்ச்சி நடைபெறுகிறது. அங்கே விளையும் அறிவு கருங்கல் விவசாயியின் கொட்டில் வரைக்கும் வர வேண்டாமா? கால்நடை இலாகாவினர் சந்தை நாட்களில் ஊர் ஊராக வந்து, பேச்சோடு நில்லாமல், கொட்டிலுக்குள் இறங்கிக் கற்பிக்க வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவது தேசத் தொண்டர்களின் கடமை. ஏழையின் தொழில் என்பதாலேயே அதை இழிவாக எண்ணி ஒதுங்குவது அவர்களுக்கு அழகல்ல.