கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகும் முன்

உங்கள் ஊர் எல்லையில் கல்குவாரியோ சிமென்ட் ஆலையோ வரப்போகிறது. நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது: இன்ன தேதி, இன்ன கல்யாண மண்டபம், மாவட்ட ஆட்சியர் தலைமையில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். போவதா வேண்டாமா? போனால் என்ன பேசுவது? பேசினால் யார் கேட்கப்போகிறார்கள்? இது தெரியாமலே பலர் அந்த மண்டபத்துக்குள் நுழைகிறார்கள். மணிக்கணக்காகக் கத்திவிட்டு வெளியே வருகிறார்கள். சில மாதத்தில் அனுமதி வந்துவிடுகிறது. ஏன் அப்படி ஆகிறது என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

இந்தக் கூட்டம் எந்தச் சட்டப்படி நடக்கிறது? 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் மத்திய அரசு 1994-ல் வெளியிட்ட அறிவிக்கை, குறிப்பிட்ட வகைத் திட்டங்கள் வேலையைத் தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும் என்றது. மக்களிடம் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் 1997-ல் சேர்ந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ல் வந்த அறிவிக்கை. அதில் பலமுறை திருத்தம் செய்துவிட்டார்கள், ஆனாலும் எலும்புக்கூடு அதுதான்.

அனுமதி தருவது கலெக்டரா? இல்லை. பெரிய திட்டங்களுக்கு டெல்லியில் உள்ள சுற்றுச்சூழல் அமைச்சகம் தருகிறது. மற்றவற்றுக்கு மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் தருகிறது. இரண்டு இடத்திலும் ஒரு நிபுணர் குழு கோப்பைப் படித்துப் பார்த்துப் பரிந்துரை செய்யும். அந்தக் குழு உங்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருக்காது. கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் வீடியோ பதிவும்தான் அவர்கள் மேசைக்குப் போகும். மேடையில் இருக்கும் அதிகாரி கேட்டுத் தலையாட்டினாலும் உங்கள் பேச்சு தாளில் ஏறவில்லையென்றால், முடிவு எடுப்பவர்களைப் பொறுத்தவரை நீங்கள் பேசவே இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைப்பவை.

நாங்கள் எல்லோரும் வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடுமா? நிற்காது. இது வாக்கெடுப்பு இல்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-ல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டதும், அடுத்த ஆண்டே அமைச்சகம் அனுமதி மறுத்ததும் பலர் நினைவில் இருக்கும். ஆனால் அது வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி. உங்கள் மண்டபத்தில் நடப்பது வேறு. இங்கே கை தூக்கியவர்களின் எண்ணிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. என்ன காரணம் சொன்னீர்கள் என்பதற்குத்தான் இடம்.

அந்தக் காரணத்துக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. கோவாவின் சுரங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தபோது, மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு பரிசீலித்ததற்கான காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்றது. தெளிவாகச் சொன்ன ஆட்சேபத்துக்குக் குழு பதில் எழுதாமல் தாண்டிப் போயிருந்தால், அதுவே அந்த அனுமதியின் பலவீனம்.

அப்படியானால் கூட்டத்தைப் புறக்கணித்து எதிர்ப்பைக் காட்டலாமா? கோபம் நியாயமானது, ஆனால் இந்த வழி ஊருக்குப் பாதகம். கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கு விதியில் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். நாற்காலியை உடைத்துக் கூட்டத்தை நடக்கவிடாமல் செய்வது அதைவிட ஆபத்து. உள்ளூர் நிலைமையால் மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்ல முடியவில்லை என்று அதிகாரிகள் அறிக்கை கொடுத்தால், கூட்டமே தேவையில்லை என்று அனுமதி தரும் அமைப்பு முடிவு செய்யலாம். விதியிலேயே அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஊர் தன் கையாலேயே அதைத் தள்ளித் திறந்துவிடக் கூடாது.

எல்லாத் திட்டத்துக்கும் கூட்டம் உண்டா? இல்லை. கட்டடத் திட்டங்கள், நாட்டின் பாதுகாப்பு சார்ந்தவை, ஏற்கெனவே முறைப்படி அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வருபவை எனப் பலவற்றுக்கு விலக்கு உண்டு. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று துளையிட்டுத் தேடும் வேலைக்கும் விலக்கு கொடுத்தார்கள். காவிரி டெல்டாவில் கொந்தளிப்பு ஏற்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். விலக்கு என்று சொல்லிவிட்டாலே கதை முடிந்துவிடாது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை விரிவாக்க வழக்கில், 2018 மே 23-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை கட்டுமானத்தை நிறுத்தி, கருத்துக் கேட்புக்குப் பிறகே அனுமதியைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள் வந்த உத்தரவு அது. அந்தக் கூட்டத்தை முன்பே ஒழுங்காக நடத்தியிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் வரும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதிகம் எழுவது குவாரிப் பிரச்சினை, ஆகவே அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முன்பெல்லாம் 5 ஹெக்டேருக்கு (சுமார் 12 ஏக்கர்) குறைவான குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டியதில்லை. பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றும் 5 ஹெக்டேருக்குள் இருக்கும்படி குத்தகை வாங்குவது சுலபமாக இருந்தது. 2012 பிப்ரவரியில் ஹரியானா தொடர்பான தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. சின்னக் குவாரியும் அனுமதி வாங்கியாக வேண்டும் என்றது. இப்போது 500 மீட்டருக்குள் ஒரே கனிமத்தை எடுக்கும் குவாரிகள் பல இருந்தால் அவற்றைத் தொகுப்பாகக் கருதி மொத்தப் பரப்பைக் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை 5 ஹெக்டேரைத் தாண்டினால் கருத்துக் கேட்பு தேவை. எனவே ‘இது வெறும் மூன்று ஹெக்டேர்’ என்று யாராவது சொன்னால், பக்கத்துக் குவாரி எவ்வளவு தூரம், அது எத்தனை ஹெக்டேர் என்று உடனே கேளுங்கள்.

இன்னொன்று, 300 மீட்டர். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது. ஆனால் குடியிருப்பு என்பதற்கு விதி தனி விளக்கம் வைத்திருக்கிறது: வருவாய்க் கணக்கில் ஊர் அல்லது வீட்டுமனை என்று இருக்க வேண்டும், அல்லது உள்ளாட்சியோ நகரமைப்புத் துறையோ அங்கீகரித்த மனையாக இருக்க வேண்டும். வயல்காட்டில் பட்டா நிலத்தில் வீடு கட்டிக் காலமெல்லாம் குடியிருந்தாலும் கணக்கில் அது நஞ்சையாகவோ புஞ்சையாகவோ நின்றால் சிக்கல் வரும். உங்கள் வீட்டின் சர்வே எண் கணக்கில் என்னவாக இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பார்த்துவிடுங்கள்.

திட்ட விவரம் எங்கே கிடைக்கும்? நிறுவனம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை (திட்டத்தால் நீர், காற்று, நிலம், மக்களுக்கு என்ன நேரும் என்ற ஆய்வு) ஒன்றைத் தயாரித்திருக்கும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் கூட்டம் முடியும்வரை இவற்றை யாரும் போய்ப் பார்க்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலும் சுருக்கம் வரும். மக்கள் தயாராகக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். 2020-ல் வந்த புதிய வரைவு அறிவிக்கை அந்த 30-ஐ 20 ஆகக் குறைக்கப் பார்த்தது. படிப்பறிவும் போக்குவரத்தும் குறைந்த ஊருக்கு அந்தப் பத்து நாள் எவ்வளவு பெரிது என்பதை யோசித்தவர்கள் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், அதுவும் ஆங்கிலத்தில் இருக்குமே, எங்களால் எப்படிப் படிக்க முடியும்? முழுக்கப் படிக்க வேண்டாம். ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேரை உட்காரவைத்து மூன்று இடங்களைத் தேடச் சொல்லுங்கள்.

முதலாவது, சுற்றியுள்ளவற்றின் பட்டியல். ஏரி, கண்மாய், ஓடை, பள்ளிக்கூடம், கோயில், குடிநீர்க் கிணறு எல்லாம் எவ்வளவு தூரத்தில் என்று எழுதியிருப்பார்கள். அதை உங்கள் கிராம வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். ஊர்க் கண்மாய் அதில் இல்லையா? 200 மீட்டரில் இருக்கும் பள்ளி ஒரு கிலோமீட்டரில் என்று போட்டிருக்கிறதா? பொய்யான, திசைதிருப்பும் தகவல் கொடுத்தாலோ வேண்டுமென்றே மறைத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று 2006 அறிவிக்கையே சொல்கிறது. உங்கள் கையில் இதைவிட வலுவான ஆயுதம் கிடையாது. வேண்டாம் என்ற ஆயிரம் குரலைவிட, விட்டுப்போன ஒரு கண்மாயின் சர்வே எண் அதிகம் பேசும்.

இரண்டாவது, ஆய்வு நடத்திய மாதங்கள். பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த மூன்று மாதத்தில்தான் மாதிரி எடுப்பார்கள். நம் பக்கம் ஓடைகள் ஐப்பசி, கார்த்திகையில் ஓடுபவை. பங்குனியில் வந்து பார்த்தவருக்கு ஓடை வெறும் பள்ளமாகத் தெரியும். மழைக்காலத்தில் அதில் எத்தனை அடி தண்ணீர் ஓடும், எந்தக் கண்மாயை நிரப்பும் என்பதைப் பழைய புகைப்படத்தோடு சொல்ல உங்களால்தான் முடியும்.

மூன்றாவது, தண்ணீரும் பாதையும். குழி எத்தனை மீட்டர் ஆழம்? நிலத்தடி நீர் எத்தனை மீட்டரில் இருக்கிறது? குழியில் ஊறும் நீரை எங்கே இறைத்துவிடுவார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை லாரி, எந்தத் தெரு வழியாக? வெடி வைக்கும் நேரம் என்ன? வேலை முடிந்ததும் அந்தப் பள்ளத்துக்கு யார் வேலி போடுவார்கள்? கைவிட்ட குவாரிக் குட்டையில் குளிக்கப் போய்ப் பிள்ளைகள் மூழ்கும் செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்காமல் விடாதீர்கள்.

கூட்டத்தன்று என்ன செய்ய வேண்டும்? கலெக்டர் அல்லது அவர் சார்பில் கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி தலைமை தாங்குவார். நிறுவனம் முதலில் திட்டத்தை விளக்கும். பிறகு, வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது விதி. வருகைப் பதிவில் பெயரை எழுதுங்கள். ஒருவர் ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள்: ஒருவர் கிணறு, ஒருவர் பள்ளிக்கூடம், ஒருவர் ஆடுமாடு. எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் குறிப்பில் அது ஒரே வரியாகிவிடும்.

பேசுவதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, மேடையில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். பல ஊர்களில் அதற்குள் மக்கள் கலைந்துவிடுகிறார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. நாலு பேராவது கடைசிவரை இருங்கள். நீங்கள் சொன்னது அதில் வரவில்லையென்றால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். கலெக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு அதை மாற்றுவது கடினம்.

வேலைக்குப் போய்விட்டேன், வெளியூரில் இருக்கிறேன் என்பவர்கள்? எழுத்து மூலம் தெரிவிக்கவும் விதியில் வழி உண்டு. விளம்பரத்தில் உள்ள முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கிராம சபைத் தீர்மானத்துக்கு இதில் தடுக்கும் அதிகாரம் இல்லைதான். ஆனாலும் ஊரின் பாதிப்பைப் பதிவுசெய்யும் அரசு ஆவணம் அது, அதன் நகலையும் இணையுங்கள்.

திட்டம் எப்படியும் வந்துவிடும் என்று தோன்றினால்? அப்போதும் பேசுங்கள், வேறு விதமாக. கூட்டத்தில் நிறுவனம் கொடுக்கும் உறுதிமொழிகள் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் சேர்ந்து, அனுமதியின் நிபந்தனையாக வேண்டும் என்று அமைச்சகம் 2020-ல் சொல்லியிருக்கிறது. ‘ஊருக்கு நல்லது செய்வோம்’ என்பது உறுதிமொழி ஆகாது. எந்தத் தெருவுக்குத் தார்ச்சாலை, எந்தக் கிணறு வற்றினால் எத்தனை நாளில் மாற்றுக் குடிநீர், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, பதிலைக் குறிப்பில் ஏற்றுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்? நிறுவனம் ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும், அதில் ஒன்று தமிழில் இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் அனுமதிக் கடிதத்தை 30 நாள் ஒட்டிவைக்க வேண்டும். மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் நீங்களே தேடியும் எடுக்கலாம்.

அதை எதிர்க்க வேண்டுமானால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென்னிந்தியாவுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கெடு 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம். 90 நாளைத் தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் தீர்ப்பாயத்தால் ஏற்க முடியாது. நல்ல வழக்குகள் இந்த ஒரு காரணத்தாலேயே உள்ளே நுழைய முடியாமல் போகின்றன. ஆகவே அனுமதி எந்த வழியில் முதலில் வெளியானதோ அந்த நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

மேல்முறையீட்டுக்குப் போகாவிட்டாலும் அனுமதிக் கடிதத்தை யாராவது பத்திரமாக வைத்திருங்கள். அதன் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறோமா என்று நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். அறிக்கையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குகிறோம் என்று இருந்து, உங்கள் வீட்டு மல்லிகைச் செடியில் வெள்ளைத் தூசி படிந்திருந்தால், தேதியோடு படம் எடுத்து, நிபந்தனையின் எண்ணைக் குறிப்பிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் அனுமதி தந்த அமைப்புக்கும் மனு எழுதுங்கள்.