உங்க பிரீமியத்தில் அந்தப் பத்து ரூபாய் எங்கே போகுது?

கம்பத்தில் ஒரு தனியார் ஸ்கூலில் வேலை பார்க்கும் தம்பி, ஐ.டி. ரிட்டர்ன் போட வந்தப்போ கேட்டார்: “சார், இன்சூரன்ஸ் கம்பெனியை செக் பண்றவங்களுக்குச் சம்பளம் யாரு தர்றா? நம்ம வரிப் பணமா?”

பெரும்பாலும் இல்லை. ஐதராபாத்தில் இருக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ-க்கு, 1999 சட்டத்தின் 16-வது பிரிவுப்படி தனி நிதி இருக்கு. சம்பளம், ஆய்வுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். அரசு மானியத்துக்கும் அதில் இடம் உண்டு. ஆனா முக்கிய வரவு கம்பெனிகள் கட்டும் வருடாந்திரக் கட்டணம். அது பிரீமிய வசூலில் 0.05 சதவீதம், பெரிய கம்பெனிகளுக்கு உச்சவரம்பும் உண்டு. நீங்க வருஷம் 20,000 ரூபாய் கட்டினா, உங்க பங்கு அதிகபட்சம் பத்து ரூபாய். டீ காசுகூட இல்லை!

கம்பெனி காசை வாங்கிட்டு கம்பெனியையே கண்டிப்பாங்களான்னு கேட்பீங்க. நியாயமான சந்தேகம்தான். ஆனா இது கம்பெனி விரும்பித் தர்ற ஃபீஸ் இல்லை, கட்டியே ஆகணும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ கணக்கை சி.ஏ.ஜி தணிக்கை செய்து, அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகும்.

1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 33-வது பிரிவில் ஒரு கம்பெனி மேல விசாரணைக்கு உத்தரவு போட்டா கதையே வேற. மொத்தச் செலவும் அந்தக் கம்பெனி தலையில்தான். கட்டலைன்னா நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம். மற்ற கம்பெனி பாலிசிதாரர்கள் ஏன் அந்த பில்லைச் சுமக்கணும்? எனக்குப் பிடிச்ச விதி இது.

ஒண்ணு மட்டும் கவனிங்க: ஆய்வுக்கு வர்றவங்க கம்பெனியைத்தான் பார்ப்பாங்க, உங்க ஒரு கிளைமை இல்லை. கிளைம் மறுத்துட்டாங்கன்னா முதல்ல கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல கொடுங்க. பதில் சரியில்லைன்னா பீமா பரோசா போர்ட்டல், இல்லைன்னா 155255. இதுக்குத் தனியா ஒரு பைசா கட்ட வேண்டாம்.