நோயில் பிறக்கும் நறுமணம்! அரபு செண்டில் நம் நாட்டு அகில்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... வேலூரைச் சுற்றியுள்ள இந்த ஊர்கள் தோலுக்குப் பேர் போனவை. தோல் பதனிடும் இடத்தில் ஒரு வாடை உண்டு. உடுப்பில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

அதே ஊர்களின் கடைத்தெருவில் அத்தர் வாசனையும் உண்டு. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் அத்தர் வேண்டும். வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர் ஊர் திரும்பினால், பெட்டியில் ஓர் அரபு செண்டு புட்டியை எதிர்பார்ப்பார்கள்.

தோலுக்கும் வாசனைக்கும் உறவு உண்டா? உண்டு. அது பழைய உறவு! பிரான்சு நாட்டில் கிராஸ் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் அது தோல் பதனிடும் ஊர். தோல் கையுறையின் வாடையை மறைக்க, 16-ம் நூற்றாண்டில் அதற்குப் பூ வாசனை ஏற்றினார்கள். நாளடைவில் தோல் தொழில் போயிற்று. வாசனைத் தொழில் நிலைத்தது. இன்று உலகின் வாசனைத் தலைநகர் என்று அந்த ஊருக்குப் பெயர்!

நம் நாட்டிலும் ஒரு வேடிக்கை. உத்தரப்பிரதேசத்தில் உள்ள கன்னோஜ், அத்தருக்குப் பெயர் பெற்ற நகரம். அங்கே வடித்த அத்தரைத் தோல் குப்பியில் ஊற்றி வைப்பது பழைய வழக்கம். கலந்திருக்கும் தண்ணீர் தோல் வழியே ஆவியாகிவிடும். அத்தர் உள்ளேயே நிற்கும்.

முதலில் பழம், பிறகு பூ

இப்போது பலர் விரும்பும் அரபு செண்டில் மூன்று வாசனைகள் அடுத்தடுத்து வரும். தடவியவுடன் பழ வாசனை. அது சீக்கிரம் பறந்துவிடும். அடுத்து ரோஜா, மல்லிகை போன்ற பூ வாசனை. அது சில மணி நேரம் நிற்கும். கடைசியில் ஒரு கனத்த வாசனை மேலே வரும். அது துணியில் மறுநாளும் இருக்கும். அதுதான் "ஊத்"!

ஆரஞ்சு, எலுமிச்சை வாசனையைத் தோலைப் பிழிந்தே எடுக்கலாம். ஆப்பிள், பீச் வாசனையை அப்படி எடுக்க முடியாது. அதை ரசாயனத்தில் கூட்டித்தான் செய்கிறார்கள்.

ஊத் என்றால் என்ன?

அரபு மொழியில் ஊத் என்றால் கட்டை. நாம் ஏற்றும் ஊதுவத்தியில் இருக்கும் "ஊது" அந்தச் சொல்லிலிருந்து வந்ததே. தமிழில் அதற்குப் பெயர் அகில்! தொண்டியிலிருந்து வந்த சரக்குகளில் அகிலும் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் காலப் பெண்கள் ஈரக் கூந்தலை அகிற்புகையில் உலர்த்தினார்கள். இன்றும் அரபு வீடுகளில் விருந்தாளி வந்தால், நெருப்பில் அகில் துண்டைப் போட்டுப் புகை காட்டுகிறார்கள்.

போர்த்துக்கீசியர் இங்கே வந்தபோது "அகில்" என்ற சொல், அவர்கள் மொழியில் கழுகைக் குறிக்கும் சொல்லைப் போல் காதில் விழுந்தது. ஆங்கிலேயரும் அதைப் பின்பற்றிக் "கழுகு மரம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மரத்துக்கும் கழுகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

மரத்தின் நோய்

அகில் மரம் அஸ்ஸாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் வளர்கிறது. நல்ல மரத்தில் வாசனையே கிடையாது. கட்டை வெளுப்பாக, லேசாக இருக்கும். ஒரு வகைப் புழு தண்டைத் துளைக்கும். துளை வழியே பூசணம் புகும். அதை எதிர்க்க மரம் ஒரு பிசினைச் சுரக்கும். பிசின் ஊறிய இடம் கறுத்துக் கனத்துவிடும். உயர்ந்த ரகக் கட்டை தண்ணீரில் மூழ்கும்! அதைச் சிறு துண்டுகளாக்கி, பல நாள் ஊற வைத்து, கொதிக்க வைத்து எண்ணெய் வடிக்கிறார்கள். மூட்டை மூட்டையாகக் கட்டை போட்டாலும் கிடைக்கும் எண்ணெய் கொஞ்சம்தான். அதனால் தோலா கணக்கில் விற்கிறார்கள். ஒரு தோலா 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

விலை மலிந்த செண்டில் அசல் அகில் எண்ணெயை எதிர்பார்க்க வேண்டாம். அதில் இருப்பது ரசாயனச் சாயல். வாசனை பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் "அசல் ஊத்" என்று சொல்லி அதிக விலை கேட்டால் யோசிக்க வேண்டும்.

வெட்டுப்பட்ட காடு

எந்த மரத்துக்குள் பிசின் இருக்கிறது என்பது வெளியே இருந்து பார்த்தால் எளிதில் தெரியாது. ஆகவே ஆசைப்பட்டவர்கள் கண்ட மரத்தையெல்லாம் வெட்டினார்கள். ஒன்றும் இல்லாத மரங்களும் வீணாகச் சாய்ந்தன. இந்த மரத்தின் சர்வதேச வியாபாரத்துக்கு 1995-ம் ஆண்டு முதல் கட்டுப்பாடு வந்தது. 2018-ம் ஆண்டில், அடியோடு அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் வரிசையில் இதுவும் சேர்ந்தது.

காட்டில் மறைந்தாலும் வீட்டில் தப்பியது. அஸ்ஸாமில் பல வீட்டுத் தோட்டங்களில் கமுகு மரத்தோடு அகிலும் நிற்கிறது. மகள் கல்யாணத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் அதுதான் சேமிப்பு. ஆனால் புழு எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள், தண்டில் துளை போட்டுப் பூசணத்தை உள்ளே செலுத்துகிறார்கள். காசு கொடுத்து மரத்துக்கு நோய் வாங்கித் தருகிறார்கள்!